ஜீப் வந்தது, ஆட்கள் வரவில்லை

ஒரு சாயங்காலம் கம்பத்திலிருந்து போன். மலைத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் சர்வீஸ் நடத்தும் சேகரண்ணன்.

“ஏம்மா, எல்லாரும் எறங்கிட்டாகன்னு ஒம் புரோகிராம் காட்டுது. அத நம்பி கடைசி ஜீப்ப வேணாம்னுட்டேன். பேச்சியம்மா செட்டு ஏழு பேரு இன்னும் வரலையே!”

அப்போது நான் தேனியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பார்த்தேன். அதாவது, ஒருவர் எழுதிவிட்டுப் போனதைத் திட்டிக்கொண்டே சரிசெய்யும் வேலை. இந்தப் புரோகிராமை வடிவமைத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் வரைந்த மாடல் மட்டும் ஆபீஸ் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. கட்டங்களும் அம்புக்குறிகளும் அத்தனை அழகு. அதன்படி ஒவ்வொரு ஆளும் ஒரு ஜீப்பைச் சேர்ந்தவர். காலையில் ஏறிய ஜீப்பிலேயே மாலையில் திரும்புவார். ஜீப் வந்துவிட்டால் ஆளும் வந்தாயிற்று.

நிஜத்தில் அப்படி நடக்காததால் அடிக்கடி புகார் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘இஃப்’ கண்டிஷன் சேர்ப்பேன். வண்டி பஞ்சரானால் ஒன்று, டிரைவர் லீவு போட்டால் இன்னொன்று. மூன்று வருடத்தில் அந்தப் புரோகிராமைத் தொட எனக்கே பயமாகிவிட்டது. மாடலைத் திருத்தலாம் என்று மட்டும் தோன்றவில்லை. சட்டம் போட்டு மாட்டியதை யார் கழற்றுவது?

அண்ணன் உடனே ஜீப்பை அனுப்பினார். தோட்டத்து எடைக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஏழு பேரும் நன்றாக இருட்டிய பிறகு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். செட்டுக்குத் தலைவியான பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“முருகாயிக்கு ஏலக்கா எட போட நேரமாயிருச்சு. அவள விட்டுட்டு நாங்க எப்பிடித் தாயி வர்றது? ஒரு செட்டுன்னா சேந்துதே போவோம், சேந்துதே வருவோம். அடுத்த வண்டியில வரலாம்னு நின்டோம். ஒங்க கம்ப்யூட்டர்ல ஜீப்பு மட்டுந்தே வீட்டுக்கு வருமா? நாங்க வரமாட்டமா?”

வெட்கமாக இருந்தது. மூன்று வருடமாக நான் ஜீப்புகளைத்தான் பத்திரமாக வீடு சேர்த்திருக்கிறேன்.

ஆபீஸ் வந்ததும் சட்டத்தைக் கழற்றினேன். “ஓடுறத எதுக்கும்மா கிண்டுற?” என்றார் மேனேஜர். “ஓடுது சார், ஆள விட்டுட்டு ஓடுது” என்றேன்.

புது மாடலில் செட்டுதான் முக்கியம். ஜீப் வெறும் வாகனம். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று டிரைவர் ஒவ்வொரு நடைக்கும் போனில் பதிய வேண்டும். என் ‘இஃப்’களில் பெரும்பாலானவை குப்பைக்குப் போயின. வண்டி மாறினால் இப்போது யாரும் என்னைத் தேடுவதில்லை. புரோகிராமில் பிழை தேடும் தம்பி தங்கைகளே, உங்கள் மாடல் யாரை எண்ணுகிறது என்று முதலில் பாருங்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி சேகரண்ணன்.

“ஏம்மா, எல்லா ஜீப்பும் வந்துருச்சு. ஆனா மேல அஞ்சு பேரு இருக்காகன்னு காட்டுது. புரோகிராம் தப்பா?”

“தப்பில்லண்ணே. ஜீப்ப அனுப்புங்க.”

மேலே போன டிரைவரிடம் பேசிவிட்டு அண்ணனே திரும்பக் கூப்பிட்டார்.

“ஆமாம்மா. நின்டுக்கிட்டுதே இருந்தாக.”