கணினிக்குச் சொன்ன ஸலாம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தயங்கினேன். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை விட்டவள் நான். அதைவிட, மௌத்தாகி, இப்போது உயிரோடு இல்லாத ஒருவருடைய தனிமையை ஊருக்குச் சொல்லலாமா என்ற பயம். இப்போது என் மகள் கைப்பேசியைப் பார்த்துக் குர்ஆன் ஓதுகிறாள். அவளுக்காகவாவது சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோப்பெங் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். அத்தா எங்களைக் குனோங் ராபாட்டுக்குக் கூட்டிவந்து, பிற்பகல் மதரஸாவில் என்னைச் சேர்த்தார். அங்கே யாரோ தர்மமாகக் கொடுத்த கணினி ஒன்று இருந்தது. பாடத்தைத் திறந்தால் முதலில் ஓர் ஆண்குரல் ஸலாம் சொல்லும். பிறகு ஒவ்வொரு எழுத்தாக ஓதிக் காட்டும்.

எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஆசிரியை, எங்கள் உஸ்தாஸா, ஒரு சட்டம் வைத்திருந்தார். கணினிப் பாடம் ஒரு நாளைக்கு எல்லோருக்கும் ஒரு தடவை; வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு மட்டும் இரண்டு தடவை. அப்படி இருந்தது நான் ஒருத்திதான். நியாயமான சட்டம். ஆனால் அதனாலேயே ஒரு பிள்ளையும் என்னோடு பேசவில்லை. "தோட்டத்துக்காரிக்கு மட்டும் ரெண்டு தடவ லா" என்று என் காதுபடவே சொல்வார்கள்.

எனக்கு ஸலாம் சொன்னது அந்தக் கணினி மட்டும்தான். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை அல்லவா? வாய்விட்டுப் பதில் சொன்னேன், ஒவ்வொரு நாளும். ஒரு நாள் இறைச்சிக் கடைக்காரர் மகள் கேட்டுவிட்டாள்.

"உஸ்தாஸா, கம்ப்யூட்டருக்கு இவ பதில் ஸலாம் சொல்றா. அதுக்கும் நன்மை கிடைக்குமா?"

வகுப்பே சிரித்தது. உஸ்தாஸா சிரிக்கவில்லை.

"மெஷினுக்குப் பதில் சொல்லணும்னு கடமை இல்ல. ஆனா நீங்க யாரும் இவளுக்கு ஸலாம் சொல்லாததாலதானே இவ அதுக்குப் பதில் சொல்றா?"

மறுநாள் எல்லோரும் வரிசையாக வந்து எனக்கு ஸலாம் சொன்னார்கள். அதற்கு மறுநாள் மறந்துவிட்டார்கள்.

நான் மற்றவர்களுக்கு முன்பே போகத் தொடங்கினேன். ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அந்த ஆண்குரல் கேட்டது. உஸ்தாஸா மெதுவாகப் பதில் சொன்னார். பாடத்தை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி ஸலாம், மறுபடி பதில். கணினி பழுதோ, சோதித்துப் பார்க்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். அவர் பாகான் செராயிலிருந்து வந்தவர், கணவர் மௌத்தான பின் மதரஸாவின் பின்னறையில் தனியாக இருந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? பேசாமல் உள்ளே போய், என் முறைக்காக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

உள்ளே வருகிறவர்தான் முதலில் ஸலாம் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தில் எனக்கு முழு மதிப்பெண். ஆனாலும் யாராவது எனக்குச் சொல்லட்டும் என்று காத்திருந்தேனே தவிர, வாசலில் நின்று சொல்ல வேண்டியவள் நான்தான் என்று அன்று புரியவில்லை.

இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைதானே என்று என் தவறை மட்டும் மன்னித்துச் சொல்லிவிடாதீர்கள்.