லிவர் பிடிக்க ஓர் ஆள்

பழமலை ஓட்டும் தீயணைப்பு வண்டிக்கு வயது இருபத்தொன்று. கல்யாணப் பேச்சு எடுக்கிற வயதுதான், ஆனால் உடம்பில் ஒன்றும் ஒழுங்கில்லை. செல்ஃப் எடுக்காது, ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்கவிட்டால்தான் உறுமும். இடது கதவை ஒரு நைலான் கயிறு காப்பாற்றிக்கொண்டிருந்தது. பம்புக்கு ஒரு லிவர் உண்டு. அதை யாராவது உள்ளே உட்கார்ந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் தண்ணீர் நின்றுவிடும்.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்கென்றே தொழிற்பேட்டைக்குப் பின்னால் வைத்த சின்ன நிலையம் அது. அனுமதித்த இடம் பதினாறு; இருப்பது ஒன்பது பேர். மீதி ஏழு பேரும் காகிதத்தில் மிக ஒழுக்கமாக வேலை பார்த்தார்கள். லீவுகூடக் கேட்டதில்லை.

எந்த வண்டியை மாற்றுவது, எங்கே ஆள் போடுவது என்று பட்டியல் எழுத மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாவட்ட அதிகாரி வருவார். போன இரண்டு தடவையும் இந்த வண்டி பட்டியலில் ஏறவில்லை. அதற்கு ஊழல் காரணமில்லை, பழமலைதான் காரணம். லாக் புக்கில் பதினான்கு வருடமாகத் தினமும் அவர் எழுதுவது ஒரே வரி: "வண்டி நல்ல நிலையில் உள்ளது." பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளுக்கு வாய் நீளம் என்று எந்தத் தகப்பன் சொல்வான்?

ஆனியில் பழமலைக்கு ஓய்வு. அப்புறம் வண்டி அடுத்த டிரைவர் ஜெயராஜ் கைக்குப் போகும். அவன் கிட்டே போனாலே அது மூச்சை நிறுத்திக்கொள்ளும். இந்தத் தடவையும் பட்டியலில் ஏறாவிட்டால், அடுத்த மூன்று வருடத்துக்குப் பேட்டையில் யாருக்கும் தீப்பிடிக்கக் கூடாது.

"அண்ணே, நீங்க இன்னிக்கு வண்டியத் தொடாதீங்க," என்று கெஞ்சினார் நிலைய அலுவலர் மதிவதனி. "அதிகாரி முன்னால ஜெயராஜ் ஸ்டார்ட் பண்ணட்டும். கெளம்பாம நிக்கட்டும்."

"நாலு பேரு பாக்க என் வண்டி மானம் போவணும், அதானே மேடம்?"

"போவட்டும்ணே. புதுசு வரும்ல?"

அதிகாரி சேரன் வெள்ளைச் சட்டையில் வந்தார். டீ குடித்தார். லாக் புக்கைப் புரட்டினார். "நல்ல நிலை, நல்ல நிலை, நல்ல நிலை... என்னப் பத்தியே யாரும் இப்படி எழுதுனது இல்லீங்க!" ஜெயராஜ் சாவியோடு வருவதற்குள் படிவத்தில் எழுதியும் விட்டார். வண்டி: நன்று. ஆள்: போதுமானது.

அப்போது போன் அடித்தது. கோப்பைகளைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் வைக்கோல் பற்றிக்கொண்டதாம். உடையாமலிருக்க வைக்கிற வைக்கோலைச் சூளைச் சுவரை ஒட்டியே குவித்திருந்தார்கள். நெருப்பின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஜெயராஜ் சாவியைத் திருகினான். வண்டி இருமக்கூட இல்லை. பழமலையால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவர், பொறி, உறுமல். மதிவதனியின் திட்டம் புகையோடு போயிற்று.

அன்றைய ஷிஃப்டில் நாலே பேர்: குழாய்க்கு ஜெயராஜும் இன்னொருவரும், ஆட்களை வெளியேற்ற மதிவதனி, பம்புக்குப் பழமலை. லிவர் பிடிக்கிறவர் பக்கத்து ஊர்த் திருவிழாக் காவலுக்குப் போயிருந்தார்.

"சார், ஏறுங்க," என்றார் பழமலை.

"நானா?"

"கை ரெண்டும் இருக்குதில்ல? ஏறுங்க சார்!"

கொட்டகை வாசலில் சேரன் லிவரை இழுத்துப் பிடித்தார். நடுவில் முகம் துடைக்க ஒரு நொடி கையை எடுத்தார். குழாய் துவண்டது. புகைக்குள்ளிருந்து ஜெயராஜ் கத்தினான்: "எந்த எருமடா லிவர வுட்டது?" மாவட்ட அதிகாரி இரண்டு கையாலும் மறுபடி பிடித்தார். நாற்பது நிமிடம். தீ அணைந்தபோது உள்ளங்கையில் கொப்புளம். சட்டை வெள்ளை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நிலையத்துக்குத் திரும்பியதும் பழமலை லாக் புக்கைத் திறந்தார். "வண்டி" என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. கை பழக்கத்தில் "நல்ல" என்று போகப் பார்த்தது. அதை அடக்கி, மெதுவாக எழுதினார்: "வண்டி தானாகக் கிளம்பவில்லை. பம்பு லிவர் நிற்கவில்லை. பிடிக்க ஆள் இல்லாததால், ஆய்வுக்கு வந்த அதிகாரி நாற்பது நிமிடம் பிடித்தார்."

புத்தகத்தைச் சேரன் பக்கம் நகர்த்தினார். "சாட்சிக் கையெழுத்துப் போடுங்க சார்."

சேரன் கொப்புளத்தைப் பார்த்தார். லிவரைப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டார். பிறகு தன் படிவத்தில் "நன்று" என்பதை அடித்து "உடனே மாற்ற வேண்டும்" என்று எழுதினார். "போதுமானது" போய் "நான்கு பேர் தேவை" வந்தது.

"ஏழு சார்," என்றார் மதிவதனி.

"ஏழுன்னா ஒண்ணும் வராதும்மா. நாலுன்னா ரெண்டு வரும்." எழுந்தவர் வெளியே கை காட்டினார். "மத்தபடி இதுல யோசிக்க என்ன இருக்குது? அது வண்டியா? தகர டப்பா!"

ஜீப் போனதும் மதிவதனி டீ கொண்டுவந்தார். பழமலை வாங்கவில்லை.

"என்னண்ணே, நெனச்சது நடந்துடுச்சு. மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"மாத்தணும்னு எழுதுனது சரிதான் மேடம்," என்றார் பழமலை. "நாப்பது நிமிஷம் அதும் மடியில ஒக்காந்துட்டு வந்த மனுசன், தகர டப்பான்னு சொல்லலாங்களா?"