அப்பாவுக்கென்று ஒரு படம்

சுனாமி வந்த காலையில் எனக்கு ஒன்றரை வயது. அப்பா அம்மாவின் கல்யாண அல்பம் வீட்டோடு போனது. அப்பாவின் அடையாள அட்டை, சட்டைப் பையில் இருந்தபடியே அவரோடு போனது. அதனால் அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் இறந்தவருக்கு ஆண்டுதோறும் படைக்கும்போது படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைப்பார்கள். எங்கள் வீட்டில் படம் இல்லை. அம்மா அப்பா இடுப்பில் கட்டுவதற்கென்று ஒரு புதுச் சாரம் வாங்கி, மடித்து, அவர் உட்காரப் போட்ட கதிரையில் வைத்து, அதற்கு முன்னால் விளக்கேற்றுவார். வருகிறவர்கள் கதிரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். தகப்பனின் சாயல் என்பார்கள். எது சாயல் என்று கேட்பேன். அகன்ற நெற்றி, அடர்ந்த புருவம், உள்ளே போன கண் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பள்ளிக்கூடம் போக முன்பே இதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் மூன்றாம் வருடம் படித்தபோது எங்களைக் கொழும்பில் ஓர் ஓவியக் கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். இரண்டாவது அறையின் மூலையில் அந்தப் படம் இருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் பூட்டாமல், சற்றுத் திரும்பி உட்கார்ந்திருந்தார். முதலில் புகைப்படம் என்றே நினைத்தேன். கிட்டப் போனால் கன்னத்தில் சவரம் செய்யாத இரண்டு நாள் மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இன்னும் கிட்டப் போனால் அது மயிர் இல்லை, சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கீறல்கள். பின்னால் வந்தால் மறுபடியும் மயிர். நான் முன்னும் பின்னுமாக நடப்பதைக் காவலாளி பார்த்துக்கொண்டே இருந்தார்.

அகன்ற நெற்றி. அடர்ந்த புருவம். உள்ளே போன கண்.

'ஓர் ஆணின் உருவப்படம்' என்று மட்டும் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மூன்றையும் வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் ஒரு மொழியையாவது வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பதில்லை. படித்ததால்தானே இங்கே வந்தேன், வந்ததால்தானே கண்டேன் என்று அன்று தோன்றியது. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

திதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது களுவாஞ்சிக்குடியில் ஒரு ஸ்டுடியோவுக்கு அதைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போடக் கொண்டுபோனேன். அது ஓவியம் என்று ஸ்டுடியோக்காரருக்குப் பிடிபடவே இல்லை. வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது, எந்த ஸ்டுடியோவில் எடுத்தது என்று கேட்டார். பிறகு எல்லாரிடமும் கேட்பதையே கேட்டார்.

"தங்கச்சி, கோட் ஒண்டு போட்டு விடவா? டையும் கிடக்கு."

"வேணாம்."

"ஆள் உம்மெண்டு இரிக்கார். கொஞ்சம் சிரிக்க வைக்கட்டா?"

"அதுவும் வேணாம்."

"அப்பாவா?"

"ஓம்" என்றேன்.

இது அப்பா இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் உள்ளதைச் சொல்லித்தான் கொடுப்பது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் என்று அம்மா தவறிச் சொல்லிவிட்டால் போதும், எனக்கு ஒரு முகம் கிடைத்துவிடும்.

அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மகள், ஆரு இது?"

சொன்னேன். கொழும்பு, ஓவியம், பெயர் தெரியாத ஆள், எல்லாம். அம்மா கோபிக்கவில்லை. கண்ணாடியில் ஒட்டிய தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டார்.

"உசிரோட இரிக்காரோ என்னவோ. அவருக்குப் போய் மாலையப் போடச் சொல்றியா?"

பழைய ஓவியம், இறந்துதான் இருப்பார் என்றேன்.

"அப்ப அவருக்கு அவர்ட வீட்டாக்கள் படைப்பாங்க. நாம ஏன் இடையில பூர வேணும்?"

எனக்கு அழுகை வந்தது. நெற்றியும் புருவமும் கண்ணும் எல்லாரும் சொன்னது போலவே இருக்கிறதே என்று சண்டைக்குப் போனேன். இதில் வேறு என்னதான் இல்லை, சொல்லுங்கள் என்றேன்.

அம்மா படத்தை மறுபடியும் பார்த்தார். பெருவிரலால் அந்த மனிதரின் மூக்கை மறைத்தார். மூக்கு இவ்வளவு நீளம் இல்லை என்றார். விரலை இறக்கி வாயை மறைத்தார்.

"உங்கட அப்பா வாயை மூடிக்கிட்டு ஒரு இடத்தில இரிந்த ஆளா? சோடாப் போத்தல் மூடியப் பல்லால கழட்டப் போய் முன்பல்லு பாதி உடைஞ்சி. அதுக்குப் பிறகுதான் இன்னும் கூடச் சிரிச்சார், பல்லக் காட்டுறதுக்கெண்டே."

இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அம்மாவும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ நெற்றியையும் புருவத்தையும்தானே கேட்டாய் என்றார். பிறகு அவராகவே தொடர்ந்தார். காதில் மயிர் இருக்காது. கழுத்து இவ்வளவு நெட்டை இல்லை. இடது கண் வலதைவிடச் சின்னது, வெயிலில் பார்த்தால் கண்ணடிப்பது போல இருக்கும், வேறு யாருக்கோ கண்ணடிக்கிறார் என்று நினைத்துக் கல்யாணமான புதிதில் அம்மா இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாராம். சொல்லிவிட்டு அம்மா வெட்கப்பட்டார். பாதியில் விட்ட தேங்காயைத் துருவ உள்ளே போனார்.

அந்த வருடமும் கதிரையில் படம் வைக்கவில்லை. அப்படியில்லை என்று அம்மா சொன்ன ஒவ்வொன்றையும் பலமுறை சேர்த்துப் பார்த்திருக்கிறேன். முழு முகம் வரவில்லை. வாய் மட்டும் வருகிறது, பாதி உடைந்த முன்பல்லோடு.