முப்பத்தொரு வயது விதுஷா

பசறைக்கு மேலே, பஸ் ஏழெட்டு வளைவு திரும்பி மூச்சிரைத்து வந்து நிற்கிற தோட்டத்தில் ஜீவராணியின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே கீழே லயத்து வரிசை வீட்டில் இருக்கும் மகளைச் சாப்பிடச் சொல்லுவாள். மகளுக்கும் கேட்கும், இடையில் இருக்கிற முப்பது வீட்டுக்கும் கேட்கும். வயது முப்பத்தேழு, படிப்பு எட்டாம் வகுப்பு வரை. கணவன் கொழும்பில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வேலை. தீபாவளிக்கும் சித்திரைக்கும்தான் வருவான். வீட்டில் அவளும், பதினொரு வயது மகள் விதுஷாவும், கொரோனா காலத்தில் பள்ளிப் பாடம் வருவதற்காக வாங்கிய போனும். போனில் பாடம் வருவது நின்று எவ்வளவோ காலமாயிற்று. போன் மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் ஒரு போனைச் சுற்றி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜீவராணி எட்டிப் பார்த்தாள். போனுக்குள் வீடியோவாக அவளே ஓடிக்கொண்டிருந்தாள்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்து அது. அடுப்படிக்குள் புகுந்த குரங்கு, சுட்டு வைத்த ரொட்டி நான்கையும் அள்ளிக்கொண்டு கூரையில் ஏறிவிட்டது. ஜீவராணி கரண்டியோடு வாசலில் நின்று, "டேய், சம்பல் வேணாமாடா? வெறும் ரொட்டியவா திம்ப? ஒங்க வீட்டுல இப்பிடித்தான் வளத்தாங்களா?" என்று சொந்தக்காரனைத் திட்டுவதுபோல் திட்டியதை விதுஷா போனில் எடுத்து, பின்னால் ஒரு மேளத்தையும் சேர்த்துத் தன் வீடியோக் கணக்கில் போட்டுவிட்டாள். நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

கோபம் வரவேண்டிய இடத்தில் ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது. மறுவாரம் பதுளைக்குப் போன பஸ்ஸில் கண்டக்டர், "ரொட்டி அக்கா, கொஞ்சம் உள்ள போங்க" என்றான். துணிக்கடையில் ஒரு பெண் ஓடிவந்து அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பௌர்ணமி விடுமுறை நாளில், மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மகளைப் பக்கத்தில் இருத்தி, "வீடியோவுக்குக் கீழ என்னா எழுதிருக்காங்கனு வாசி புள்ள" என்றாள்.

"அக்கா சூப்பர். குரங்குக்குச் சம்பல் குடுங்க. இந்த அம்மாவ எங்க ஸ்கூலுக்கு பிரின்சிபலா போடுங்க."

ஜீவராணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அடுத்ததில் விதுஷாவின் விரல் சட்டென்று தாண்டியது.

"ஏன் நிப்பாட்டுன?"

"ஒண்ணுமில்லம்மா."

"குடு இங்க."

எழுத்துக் கூட்டி வாசித்தாள். தங்கச்சி, அம்மா இல்லாம ஒங்க போட்டோ மட்டும் அனுப்புங்க. அம்மாட்ட சொல்ல வேணாம். நல்ல ஹெட்செட் ஒண்ணு தாறேன். நான்கு நாளில் மூன்று தடவை எழுதியிருந்தான். அவன் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோசாப்பூ.

"அனுப்புனியா?" பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரல் அது. அவளிடம் அப்படியொரு குரல் இருப்பது அவளுக்கே தெரியாது.

"இல்லம்மா. ஹெட்செட்டு என்னா கலருனு மட்டும் கேட்டேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா போன புடுங்கிருவீங்க. அப்பறம் ஒங்க வீடியோவும் போயிரும்லம்மா."

ஜீவராணி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இந்தப் பத்து நாளும், இன்னும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மணிக்கொரு தரம் கேட்டது அவள்தானே.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. முதலில் பள்ளிக்கூடம். "போன் வீட்டுலதானே இருக்கு, நீங்கதான் பாக்கணும்" என்றார் டீச்சர். ஆனாலும் 1929 என்ற சிறுவர் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து, விதுஷாவுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த, பசறையில் போன் கடை வைத்திருக்கும் ஸலீம் நானாவிடம் போனாள்.

"பதிமூணு வயசுக்குக் கொறஞ்சா கணக்கு தெறக்காது, தங்கச்சி. புள்ள அழுதிச்சி. பொறந்த வருசம் தொண்ணூத்தி நாலுனு போட்டேன். இதெல்லாம் கம்பனிக்காரன் பாக்க வேண்டிய வேலை."

"தொண்ணூத்தி நாலா? அப்ப எம்மகளுக்கு முப்பத்தொரு வயசு! நான் என்ன, ஆறு வயசுலயா பெத்தேன்?"

எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஸலீம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எங்கட மக ஸனாக்கும் நான்தான் தெறந்து குடுத்தேன். அவளுக்குப் பத்து வயசு."

"அவள யாரு பாக்குறா, ஸலீம் நானா?"

ஸலீம் தன் போனில் 1929ஐ அழுத்திக் கொடுத்தார். மறுமுனையில் இருந்த பெண், அம்மா, கத்தாமல் பேசுங்கள், நன்றாகக் கேட்கிறது என்றாள். எதையும் அழிக்க வேண்டாம், பதிலும் போட வேண்டாம், பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள் என்றும் சொன்னாள். ஸலீம் அவன் எழுதிய எல்லாவற்றையும் தாளில் அடித்தெடுத்து, கடையைப் பூட்டிவிட்டு அவளோடு பொலிஸுக்கு வந்தார். எழுதி வாங்கிக்கொண்டார்கள், ரோசாப்பூக்காரனைத் தேடுகிறார்கள்.

பதில் போடக்கூடாது என்றதுதான் ஜீவராணிக்குப் பொறுக்கவில்லை. அவனுக்கு வைத்திருந்த குரலையெல்லாம் அடுத்த நாள், வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடுகிற காலைப் பெரட்டில், கங்காணி பெயர் கூப்பிட்டு முடித்ததும் எடுத்துவிட்டாள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போயி ஒங்க புள்ளைக்கு போன்ல எத்தன வயசுனு பாருங்க!"

அன்று சாயங்காலம் லயமே அமளிப்பட்டது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நாற்பது. ஒருத்தியின் மகன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் பிறந்திருந்தான். "அடியாத்தி, எம்மவன் தொரைக்கே மூத்தவன்!" என்று அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின் ஒவ்வொரு தாயாய்ப் பிள்ளைகளுக்கு வந்திருந்ததை வாசிக்கத் தொடங்கினார்கள். இன்னும் இரண்டு வீட்டில் அதே ரோசாப்பூ இருந்தது. அந்தத் தாள்களும் பொலிஸுக்குப் போயின.

சனிக்கிழமை ஸலீம் ஸனாவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறி வந்தார். பொலிஸார் வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு விட்டதால், பிள்ளைகளின் எல்லாக் கணக்குக்கும் சரியான வயதைக் கொடுத்தார், ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது. ஸனா உதட்டைப் பிதுக்கினாள். விதுஷா லேசாக அழுதாள். நாற்பதாயிரம் பேரும் ஒரே நொடியில் போனதைப் பார்த்து ஜீவராணிதான் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

"நானா, எனக்கு ஒண்ணு தெறந்து குடுங்க. எஞ்சொந்த வயசப் போடுங்க. புள்ளைக மூஞ்சி ஒண்ணும் அதுல வரக்கூடாது."

ஸலீம் திறந்து கொடுத்தார். முதல் வீடியோ எடுக்க விதுஷா போனைப் பிடித்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஜீவராணி வாயைத் திறந்தாள்.

"அம்மா, இவ்வளவு சத்தம் வேணாம். போன் நடுங்குது."

மறுபடி தொடங்கினாள். இம்முறை ஸலீம் சிரித்துக் கெடுத்தார். மூன்றாவது தடவை சுற்றி நின்ற பெண்கள் எல்லோருமே வந்து படத்துக்குள்ளே நின்றுகொண்டார்கள். யார் முன்னால் நிற்பது என்று தள்ளுமுள்ளு நடந்தது. அதையே போட்டார்கள்.