நாய் வழியாக வந்த பதில்

சென்ற ஐப்பசியில், ராஜபாளையத்தில் என் புகுந்த வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்குப் புதுக் கல்யாணம். கணவர் ராணுவத்தில், எல்லைப் பக்கம். போன் லைன் கிடைப்பதே அபூர்வம். அத்தையும் நாத்தனாரின் பிரசவத்துக்காகக் கோவை போய்விட, வீட்டில் நானும் மாமனாரும் ஒரு வெள்ளை நாயும்தான்.

மருமகளிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது மாமா கடைப்பிடிக்கும் மரியாதை. எதுவானாலும் அத்தை வழியாகத்தான் வரும். அத்தை ஊருக்குப் போனதும் அந்தப் பொறுப்பு நாய்க்கு வந்துவிட்டது! "ஏலே, மழை வரும்போல இருக்கு. மாடித் துணிய எடுக்கச் சொல்லு" என்பார், நாயைப் பார்த்து. சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியாமல் மாடிக்கு ஓடுவேன்.

அந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு ரிசப்ஷன் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். படித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு அதை விட மனமில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாமாவிடமே நேராகக் கேட்டேன். அவர் இங்கும் அங்கும் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

வேண்டாம் என்கிறாரா? நான் கேட்டதே தப்பா? இல்லை, காதில் விழவில்லையா? ஒன்றும் புரியவில்லை. அந்த யோசனையில் ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். அதற்கும் நாயிடம்தான் புகார் போனது.

ஞாயிறு மாலை மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நாளைக்கு வேலையில சேரணும். போகவா, வேண்டாமான்னு மாமாட்ட கேட்டுச் சொல்லு" என்றேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"போகச் சொல்லுலே. அன்னைக்குக் கேட்டப்ப நீ பக்கத்துல இல்ல, யார்ட்டச் சொல்லன்னு முழிச்சேன். பொறவு அந்தப் பிள்ள கேக்கவே இல்ல, வேண்டாம்னு விட்டுட்டாளோன்னு நெனச்சேன். சாயந்திரம் நாம ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல நிப்போம்னு சொல்லு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நான் மட்டுமா குழம்பியிருந்தேன்!

இன்றுவரை மாமா என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அது சரிதானா என்று கேட்டால் எனக்கே இன்னும் தெளிவில்லை. ஆனால், பதில் வராவிட்டால் மறுப்பு என்று நானே முடிவு கட்டுவதில்லை. இன்னொரு தடவை கேட்டுவிடுகிறேன். சாயங்காலம் பஸ் ராஜபாளையத்துக்குள் நுழைந்ததும், கூட்டத்துக்கு நடுவே அந்த வெள்ளை வால் தெரிகிறதா என்றுதான் முதலில் என் கண் தேடுகிறது.