ஒவ்வொரு முடக்கிலும் ஒரு பெயர்

எங்கள் எதிர்வீட்டில் ஆட்கள் இல்லை. முந்தின வருடமே சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு யன்னல்களின் மறைப்புகள் தாமாகவே மெல்ல மேலே எழும்பும். பின்னேரம் ஐந்து மணிக்கு இறங்கும். நேரம் பூட்டி வைத்த கருவி அது, கரண்டை இன்னும் வெட்டவில்லை, அவ்வளவுதான் என்று என் கணவர் விளக்கினார். விளக்கம் சரிதான். இருந்தும் மறைப்பு எழும்புகிற நேரத்தில் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. யாராவது நின்றுவிட்டால் என்ன செய்வது?

இது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஜெர்மனியில் கேல்னுக்கும் ஆகனுக்கும் நடுவில் இருந்த ஒரு கிராமத்தில். இருந்த என்றுதான் எழுதவேண்டும், இப்போது அது இல்லை. அந்த ஊருக்குக் கீழே பழுப்பு நிலக்கரி கிடந்தது. அதை எடுக்க ஊரையே தோண்டினார்கள். வீடுகளை இடிப்பதற்கு முன்பே பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி, அதே பெயருக்கு முன்னால் 'நொய்', அதாவது 'புதிய', என்று சேர்த்து இன்னொரு ஊரைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். தொண்ணூறில், சண்டை நேரம், யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் எங்கள் ஊரை விட்டு வெளிக்கிட எங்களுக்குக் கிடைத்தது அரை மணித்தியாலம். அடுப்பில் வைத்த சோறு அடுப்பிலேயே இருந்தது. இங்கே ஒவ்வொருவருக்கும் ரேர்மின் கொடுத்து, அதாவது நாளும் நேரமும் குறித்து, ஆற அமரப் பல வருடங்களாக ஓர் ஊரைக் காலி செய்தார்கள். எது நல்லது என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

நான் வேலை செய்தது அந்த ஊரின் சீன உணவகத்தில். முதலாளி ஹெர் சென், தென்சீனாவின் குவாங்டொங்கிலிருந்து வந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அறை தந்திருந்தார். ஊர் செத்துக்கொண்டிருக்க எங்கள் கடை மட்டும் கொழுத்தது. நிலம் அளப்பவர்கள், வீடு இடிப்பவர்கள், சுரங்கத்தின் இயந்திரக்காரர்கள் எல்லோரும் மத்தியானத்தில் அங்கேதான் சாப்பிட்டார்கள். நிலக்கரியைப் 'பழுப்புத் தங்கம்' என்று அவர்கள் சொல்லும்போது சென் சிரிப்பார். அவருடைய பாட்டனாரின் தகப்பன் உண்மையான தங்கம் தோண்ட அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியவராம். அங்கேயே செத்துப்போனார். சில வருடம் கழித்து ஊர்க்காரர்கள் புதைகுழியைத் திறந்து, எலும்புகளைக் கழுவி, பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். "தங்கம் வரவில்லை. அவர் வந்தார்," என்பார் சென்.

அவருடைய மனைவி ஆ-யிங் அந்த ஊர்ச் சவக்காலையில் கிடந்தார். நான் அங்கே வருமுன்பே புற்றுநோயில் இறந்தவர். குசினிக் கதவுக்கு மேல் இருந்த படத்தில் மட்டும் அவரை எனக்குத் தெரியும். கொஞ்சம் ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல இருப்பார்.

ஒருநாள் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. மகள் மெய் ஆகனில் ஆவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, செய்துகொண்டிருந்ததால், சென் அதை என்னிடம் நீட்டினார். 'உம்பெட்டுங்' என்று ஒரு சொல். எனக்கு அது தெரிந்த சொல். நான் முன்னர் துப்புரவு வேலை செய்த முதியோர் இல்லத்தில், நோயாளியை ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு மாற்றுவதை அப்படித்தான் சொல்வார்கள்.

"உங்கள் மனைவியை வேறு கட்டிலுக்கு மாற்றப்போகிறார்களாம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. செத்தவர்களை இடம் மாற்றுவதற்கும் ஜெர்மன்காரருக்கு அதே சொல்தான். சென் கோபிக்கவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்படியென்றால் அவளுக்குச் சொல்லவேண்டும்," என்றார்.

எலும்புகளைத் தானே கழுவ அனுமதி கேட்டு மெய்யைக்கொண்டு அன்றாக், விண்ணப்பம், எழுதுவித்தார். சுகாதார விதிப்படி முடியாது என்று பதில் வந்தது. குழிக்குப் பக்கத்தில் நிற்கவும் முடியாது. சவப்பெட்டி போகும் வான் வண்டிக்குப் பின்னால் சொந்தக் காரில் போகலாம், அவ்வளவுதான். பத்து வயதில் தாயைப் புதைத்த மெய், இரண்டாம் தரம் பார்க்க முடியாது, புதிய சவக்காலையில் நிற்கிறேன் என்றுவிட்டாள். சென் என்னைக் கேட்டார். "நீ ஓட்டு. நான் பேசவேண்டும், ஓட்டிக்கொண்டு பேச ஏலாது."

கணவருக்கு விருப்பமில்லை. "உனக்கேன் இந்த வேலை? பிரேதத்துக்குப் பின்னாலை போறது விளையாட்டே?"

"கேட்ட மனுசனுக்கு மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"சரி, போ. வந்தோடனை தலைக்கு வார்த்துப்போட்டு உள்ளுக்கு வா."

அது மார்கழிக் காலை. பனிப்புகார் இறங்கி, தேவாலயத்தின் பாதி தெரியவில்லை. சவக்காலையைச் சுற்றிப் பச்சைப் படங்கு கட்டியிருந்தார்கள். உள்ளே மண்வெட்டிச் சத்தம் கேட்டது, நின்றது, திரும்பக் கேட்டது. பிறகு ஒருவர் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். "அவள் எப்படி இருக்கிறாள்?" என்று சென் கேட்டார். அந்த மனிதர் மண்ணைப் பற்றிக் கேட்பதாக நினைத்தார் போலும். "உலர்ந்திருக்கிறது, நல்லது," என்றார். சென்னின் முகம் மலர்ந்தது. எலும்பு உலர்ந்திருந்தால் செத்தவர் நிம்மதியாக இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை.

வான் புறப்படுமுன் சென் என் காரின் பின்கதவைத் திறந்தார். யாரோ குனிந்து ஏறுவதற்கு எடுக்கும் நேரம்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சாத்திவிட்டு முன்னால் வந்து ஏறினார். நான் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்ப்பதை அந்தக் கணத்தோடு விட்டேன்.

வெறும் வீடுகளுக்கு நடுவே ஊர்ந்தோம். செங்கல் வைத்து அடைத்த யன்னல்கள் இரண்டு பக்கமும் வந்து போயின. தெரு திரும்பும் முதல் முடக்கில் சென் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "ஆ-யிங்!" என்று கூப்பிட்டு ஏதோ சொன்னார். இடப்பக்கம் திரும்புகிறோம், பின்னாலேயே வா என்று சொன்னதாக எனக்கு ஜெர்மனில் விளக்கினார். முடக்கிலும் பாலத்திலும் சொல்லாவிட்டால் ஆவி வழி தவறி நின்றுவிடுமாம். அடுத்த முடக்கிலும் கூப்பிட்டார். எதிரொலி வீடுகளுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. குளிர் கழுத்தில் ஏறியது. அவர் அந்தக் கண்ணாடியை மூடமாட்டாரா என்று இருந்தது.

ஊர் எல்லையில் தெரு முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் சுரங்கக் குழி, புகாரால் நிரம்பியிருந்தது. வான் சுரங்கத்தின் வேலைப்பாதையில் திரும்பித் தடைக்கம்பத்தைத் தாண்டியது. எங்களுக்கு முன்னால் கம்பம் இறங்கிவிட்டது. வானின் சிவப்பு விளக்கு மறைந்தது. சென் பாய்ந்து இறங்கிப் புகாரைப் பார்த்து அந்தப் பெயரைக் கத்தத் தொடங்கினார். மஞ்சள் உடுப்புப் போட்ட காவலாளி ஓடிவந்தார்.

"நாயைத் தொலைத்துவிட்டீர்களா?"

"இல்லை. அவருடைய மனைவி," என்றேன்.

அவர் உடனே வோக்கி டோக்கியை எடுத்தார். "குழிப் பக்கமா? கடைசியாக எப்போது கண்டீர்கள்?"

"ஒன்பது வருடத்துக்கு முன்," என்றார் சென்.

அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வான் போன திசையைப் பார்த்தார். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கம்பத்தை உயர்த்தினார். ஆனால் சென் வரவில்லை. கடைசி முடக்குவரை திரும்பி நடந்து, அங்கே நின்று தாழ்ந்த குரலில் எதையோ சொன்னார். சண்டை பிடித்து இறங்கிப்போன பெண்சாதியைச் சமாதானம் செய்பவர்போல இருந்தது அவர் நின்ற நிலை. திரும்பி வந்து மறுபடியும் பின்கதவைத் திறந்தார். காத்திருந்தார். சாத்தினார்.

"பயந்துவிட்டாள்," என்றார் என்னிடம். "இனிப் போகலாம்."

புதிய சவக்காலையில் மரங்கள் எல்லாம் ஆள் உயரம்தான். மெய் வாசலில் நின்றாள். அப்பாவைக் கண்டதும் அழுதபடி ஓடிவந்து, அவள் மறந்துவிட்டதாக நான் நினைத்திருந்த மொழியில், தாய்க்கு முன்னால் நின்று ஏதோ சொன்னாள். இருவருமாக மண் போட்டார்கள். நான் காருக்குள் இருந்துகொண்டேன். வேலை முடிந்ததும் சென் வந்து கண்ணாடியில் தட்டினார்.

"உன் ஊரில்? யாரையாவது விட்டு வந்தாயா?"

பதின்மூன்று வருடமாக நான் யாருக்கும் சொல்லாததை அந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். என் முதல் பிள்ளை, எட்டு நாள் இருந்தது. எங்களில் பெரியவர்களை எரிப்போம், பச்சைப்பிள்ளையைப் புதைப்போம். சுடலைக்குப் பக்கத்துக் காணியில் புதைத்தோம். அடுத்த மாதம் ஊரை விட்டு ஓடினோம். இப்போது அது இராணுவ வலயம்.

"பெயர் சொல்லிக் கூப்பிடு."

"பெயர் வைக்கவில்லை. முப்பத்தோராம் நாள்தான் வைப்பார்கள்."

"அப்படியென்றால் வழியை மட்டும் சொல். தாயின் குரல் பிள்ளைக்குத் தெரியும்."

அடுத்த கோடையில் உணவகம் இடிபட்டது. சென் புதிய ஊரில் கடை போடவில்லை. மகளோடு ஆகனுக்குப் போய், ஞாயிறுதோறும் ஆ-யிங்கைப் பார்க்க வந்துபோனார். நாங்கள் டோர்ட்மண்டுக்கு வந்துவிட்டோம்.

ஆ-யிங்கை இடம் மாற்றிய அன்று, சென் மகளோடு நிற்க, தனியே கார் ஓட்டித் திரும்பும்போது நான் சொல்லிப் பார்த்தேன். வாய்விட்டு, தமிழில். சுடலைக் காணியால் வெளிக்கிடு குஞ்சு. இடக்கைப் பக்கம் வா. சங்கக்கடை முடக்கில் வலக்கைப் பக்கம். தெல்லிப்பழைச் சந்தி தாண்டு. கிளாலியில் வள்ளம், பயப்பிடாதை, தண்ணிதான். வவுனியா. கொழும்பு. பிளேனில் மொஸ்கோ. அங்கே மூன்றாம் மாடி, நீலக் கதவு.

அதற்குமேல் எனக்கு வழி தெரியாது. அந்தக் கதவிலிருந்து ஏஜென்சிக்காரன் எங்களை லொறியில் ஏற்றி, மேலே படங்கு போட்டு மூடிவிட்டான். எத்தனை பாலம், எந்த முடக்கில் எந்தப் பக்கம், நான் ஒன்றையும் காணவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்த நாட்டுக்கு நான் வந்த வழி எனக்குத் தெரியாது. என் பேச்சைக் கேட்டு அவ்வளவு தூரம் வந்த பிள்ளை அந்த நீலக் கதவடியில், பனிக்குள், அடுத்தது எந்தப் பக்கம் அம்மா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது.