உப்பைக் குறைத்த உப்பள வீடு

காலை ஆறே கால், திருவான்மியூர். புதுச்சேரி பேருந்தின் முதல் படி என் முழங்கால் உயரத்துக்கு நின்றது. கம்பியைப் பிடித்து, வலது காலை வைத்து, இடது காலை இழுத்து நான் ஏறுவதற்குள் நடத்துநர் இரண்டு முறை விசில் ஊதிவிட்டார்.

"மெதுவா ஏறும்மா, வண்டி எங்கயும் போவாது" என்றார். வாய் அப்படிச் சொன்னதே தவிர, விசில் உதட்டை விட்டு இறங்கவில்லை.

மரக்காணம் சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர். டிக்கெட் நூற்று ஐந்து ரூபாய். அறுபத்து நான்கு வயதில், முட்டி வலியோடு, நான் கடல் பார்க்கப் புறப்படவில்லை. என் கைப்பையில் ஒரு மூலிகைப் பொடிப் பொட்டலம் இருந்தது. மரக்காணத்தில் இருக்கும் என் அக்கா சரோஜா அனுப்பியது. "எட்டு மாசமா சாப்புடறேன். இப்ப ஓடறேன்டி" என்று போனில் சொல்லியிருந்தாள்.

நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கிப் பால் வாங்கி வந்தேன். சந்தோஷப்பட வேண்டியவள், பயந்துபோய்ப் பொடியை நிறுத்திவிட்டேன். நான் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைக்காரர்களின் தராசைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவள். தட்டு சட்டென்று இறங்கினால் எடைக்கல்லைத் திருப்பிப் பார்க்கும் புத்தி இன்னும் போகவில்லை. பத்து வருட வலி மூன்று நாளில் போகுமா? இப்படிப்பட்ட பொடியைச் சாப்பிட்டவர்களுக்கு முகம் வீங்கியதாக எப்போதோ பேப்பரில் படித்ததும் உறுத்தியது.

மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம். அதன் பிறகு சாலையோரம் வெளுத்துக்கொண்டே வந்தது. பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீர், வரப்புகளில் வரிசையாக உப்புக் குவியல்கள். ஒன்பது மணி வெயிலில் கண்ணைத் திறந்து பார்க்க முடியவில்லை.

அக்கா வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். ஓட்டுநர் யூசுப் எழுபது ரூபாய் கேட்டார். அறுபது என்றதும் சரி என்றுவிட்டார். ஐம்பதே போதுமாக இருந்திருக்குமோ என்று வழியெல்லாம் உறுத்தியது. பேச்சுவாக்கில் பொடியைப் பற்றிக் கேட்டேன்.

"வேன்ல வந்து விக்கிறாரே, அந்த மருந்துதானே? எங்க அத்தாவும் சாப்புடறாருங்க. சேர்ல உக்காந்து தொழுதுக்கினு இருந்தவரு, இப்ப தரையில நெத்தி வச்சி சஜ்தா பண்றாரு."

"முகம் வீங்கியிருக்கா உங்க அப்பாவுக்கு?"

"வீக்கம்லாம் இல்லீங்க. கொஞ்சம் சதை போட்டிருக்காரு, அவ்ளோதான்."

அந்தச் சதை எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா வேகமாக நடந்து வந்து கேட்டைத் திறந்தாள். ஐந்து வருடமாக நாற்காலியை விட்டு எழவே மாமாவின் தோள் தேவைப்பட்டவள். நடையைப் பார்த்து வயிறு குளிர்ந்தது. பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். ஒட்டியிருந்த கன்னங்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன.

மத்தியானச் சாப்பாட்டில் மீன் குழம்பு சப்பென்று இருந்தது. மாமா உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். ஜன்னலுக்கு வெளியே ஆள் உயர உப்புக் குவியல், உள்ளே இலையில் ஒரு கல் உப்பு கிடையாது.

"டாக்டரம்மா உப்பக் குறைக்கச் சொல்லிட்டாங்க" என்றாள் அக்கா. "பி.பி. ஏறிடுச்சி. சுகரும் புதுசா வந்திருக்குது."

"வருசக்கணக்கா உப்புக் காத்து குடிச்ச உடம்பும்மா" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். "உப்பு நீர் கோத்துக்கிச்சி. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு இதான்."

ஆக, வீடே கூடி உப்பைக் கூண்டில் ஏற்றியிருந்தது. பொடி மட்டும் தேனில் குழைக்கப்பட்டு இரண்டு வேளையும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அக்காவின் கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தி எடுத்தேன். விழுந்த குழி மறையவில்லை.

"பொடி சாப்பிடறத டாக்டர்கிட்ட சொன்னியாக்கா?"

"அது மூலிகைடி. அதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?"

மாலை நான்கு மணிக்கு என்னை உப்பளத்துக்குக் கூட்டிப்போனாள். எழுபது வயதுக்காரி வரப்பில் முன்னால் போக, நான் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். பாத்திகளில் ஆட்கள் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அஞ்சு வருசம் இத ஜன்னல் வழியாத்தான் பாத்தேன்" என்றாள். "நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரியும். பொடிய வேணும்னா புடுங்கிக்கினு போ. என் நடைய புடுங்கிக்கினு போயிடாத."

ஆனாலும் மறுநாள் காலை யூசுப் ஆட்டோவில் அவளை டாக்டரிடம் இழுத்துப்போனேன். டாக்டர் நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். என் பொட்டலத்திலிருந்து பாதியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்.

"சோதிக்காம உறுதியா சொல்ல முடியாது. ஆனா முகம், கால் வீக்கம், பி.பி., சுகர் எல்லாமே பொடிக்கு அப்புறம் வந்திருக்கு. ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகப்படறேன்."

துணைக்கு இன்னொரு சந்தேகம் கிடைத்த திருப்தி எனக்கு. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"ஆனா வெறுமனே சட்டுனு நிறுத்திடக் கூடாது. உடம்பு பழகியிருக்கும், ஆபத்து. அதுக்குப் பதிலா அளவு தெரிஞ்ச மாத்திரை தர்றேன். ரத்தம் பாத்துட்டு கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம்."

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நடப்பேனாம்மா?"

"வலி திரும்பி வரும்மா. உடற்பயிற்சி இருக்கு, கைத்தடி இருக்கு, தேவைப்பட்டா ஆபரேஷன் இருக்கு. நடப்பீங்க. இந்த வேகத்துல இல்ல."

பேருந்து நிறுத்தம் போகிற வழியில் டாக்டர் சொன்னதை யூசுப்பிடம் சொன்னேன். இறங்கும்போது அவர் தயங்கித் தயங்கி, "அத்தாகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

"ஒண்ணும் சொல்லாத. நிறுத்தவும் சொல்லாத. டப்பாவோட இதே டாக்டர்கிட்ட இட்டுக்கினு வா" என்றாள் அக்கா. பிறகு தன் பொடி டப்பாவை எடுத்து என் பையில் போட்டாள். "மாத்திரைதான் வந்துடுச்சே. இத எங்கயாவது தூக்கிப் போட்டுடு." பேருந்து வந்ததும் என் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

கடப்பாக்கம் தாண்டியதும் போன் செய்தேன்.

"இன்னொரு டப்பா எங்கக்கா?"

"அரிசி டின்ல. எப்படிடி கண்டுபுடிச்ச?"

"சண்டை போடாம குடுத்தியே."

"நாளைக்கு ஒரே ஒரு நாள் வரப்புல நடந்துட்டு மாமாகிட்ட குடுத்துடறேன்டி."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். உட்கார்ந்தே வந்ததில் என் முட்டி தெறித்துக்கொண்டிருந்தது. மாடிப்படி இறங்கிய அந்தக் காலை நினைவுக்கு வந்தது. அப்போதுதான் கவனித்தேன், என் கை பைக்குள் அந்த டப்பாவைப் பிடித்திருந்தது.

"அக்கா, நீ குடுத்தத நானும் தூக்கிப் போடல. தினம் காலைல போன் பண்றேன். நான் உன்னக் கேக்கறேன், நீ என்னக் கேளு. சாப்பிடலன்னு சொன்னா ரெண்டு பேரும் நம்ப வேணாம்."

அவள் சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே நின்றது.

"சரி, இப்பவே கேக்கறேன். பைய மூடி வச்சிருக்கியா?"

"மூடித்தான் இருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் ஜிப்பை இழுத்தேன்.